ஆய்வக விலங்கு மருத்துவம்: எதை, எந்த வரிசையில் படிப்பது?

கேள்வி: நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் முடித்து, இரண்டு ஆண்டுகள் கிராமப் பகுதியில் மாடு, ஆடுகளுக்கு மருத்துவம் பார்த்தேன். எட்டு மாதங்களாக ஐதராபாத் அருகே மருந்துப் பரிசோதனை நிறுவனம் ஒன்றின் விலங்குக் கூடத்தில் மருத்துவராகப் பணிபுரிகிறேன். சுண்டெலி, எலி, கினிப் பன்றி, முயல் ஆகியவை என் பொறுப்பில் உள்ளன. பட்டப் படிப்பில் இவற்றைப் பற்றிப் படித்தது மிகக் குறைவு. நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவில் கால்நடை மருத்துவர் என்ற இடத்தில் அமர்த்தப்பட்டிருக்கிறேன்; கூட்டத்தில் என்ன கேட்பதென்றே தெரியவில்லை. பெரிய நூல்களின் விலை என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அமெரிக்கப் பட்டயத் தேர்வுக்கு உடனே தயாராகும்படி உடன் பணிபுரிபவர் சொல்கிறார். இரவில் ஒரு மணி நேரம்தான் படிக்க முடியும். எங்கிருந்து தொடங்க வேண்டும்? மேலும், எங்கள் கறுப்புச் சுண்டெலிகள் சிலவற்றின் கழுத்தில் புண் வருகிறது. அது சண்டையா, உண்ணியா என்று எந்த நூலைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: அன்புள்ள மருத்துவருக்கு, வணக்கம். தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, மாட்டுக்குக் கன்று திருப்பிப் பழகிய கையால் இருபத்தைந்து கிராம் எடையுள்ள ஓர் உயிரைத் தூக்க வேண்டிய நிலை வந்தபோது எனக்கும் இதே திகைப்புதான் இருந்தது. ஆகவே, கடைசியில் சொல்ல வேண்டிய ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு எந்த நூலையும் விலை கொடுத்து வாங்காதீர்கள். முதல் ஓராண்டுக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி இலவசமாகவே கிடைக்கிறது. அதைவிட முக்கியமாக, இந்தத் துறையில் நூல் பேசத் தொடங்குவது நாம் கூண்டிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதனிடம் போகும்போதுதான். கேள்வி இல்லாமல் ஆயிரம் பக்கத்தைத் திறந்தவர்கள் மூன்றாவது அத்தியாயத்தோடு மூடி வைத்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

விலங்குப் பரிசோதனைகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவில் அமர்ந்திருக்கிறீர்கள் என்பதால் வரிசையில் முதலில் வருவது சட்டம். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் நான்காவது அத்தியாயம், அதாவது 14 முதல் 20 வரையுள்ள பிரிவுகள், விலங்குகள் மீதான பரிசோதனைகளைப் பற்றியவை. ஒரே இரவில் படித்து முடித்துவிடலாம். அடுத்து 1998ஆம் ஆண்டின் விதிகளையும் அவற்றின் பிந்திய திருத்தங்களையும், பிறகு சி.பி.சி.எஸ்.இ.ஏ. என்று நெடுங்காலம் அறியப்பட்டு இப்போது சி.சி.எஸ்.இ.ஏ. என்று பெயர் மாறியிருக்கும், விலங்குப் பரிசோதனைகளைக் கண்காணிக்கும் மையக் குழுவின் வழிகாட்டுதல்களையும் படியுங்கள். இந்தச் சட்டத்துக்கு வித்திட்டது, மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் 1950களின் தொடக்கத்தில் கொண்டுவந்த தனிநபர் மசோதா என்பதையும், பின்னர் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே என்பதையும் தாங்கள் அறிந்திருப்பது நல்லது. கலாக்ஷேத்ராவை நிறுவியவர் என்று மட்டுமே அவரை நினைவில் வைத்திருக்கிறோம்.

பதினேழாம் பிரிவை மட்டும் தனியே ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். சிறிய விலங்கில் செய்து அதே முடிவைப் பெற முடியுமானால் பெரிய விலங்கைத் தவிர்க்க வேண்டும், நூல், மாதிரி உரு, திரைப்படம் போன்றவை கற்பித்தலுக்குப் போதுமான இடத்தில் விலங்கைப் பயன்படுத்தக் கூடாது, வெறும் கைப்பழக்கத்துக்காகப் பரிசோதனை செய்வதை இயன்றவரை தவிர்க்க வேண்டும் என்பனவெல்லாம் அதிலேயே இருக்கின்றன. ரஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் மாற்று வழி, எண்ணிக்கைக் குறைப்பு, துன்பத் தணிப்பு என்ற மூன்று கொள்கைகளை முன்வைத்த நூல் வெளிவந்தது 1959இல். நம் சட்டம் அதற்கு மறு ஆண்டு வந்தது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், குழுக் கூட்டத்தில் என்ன கேட்பது என்ற தயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும். பரிசோதனைக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பமான படிவம் 'பி' தங்கள் முன் வரும்போது, கேட்டிருக்கும் எண்ணிக்கைக்கு என்ன கணக்கு, வலி வந்தால் எந்த மருந்து எந்த அளவில் எத்தனை மணிக்கொரு முறை, எந்த நிலையை எட்டினால் பரிசோதனை முடியும் முன்பே அந்த விலங்கை வெளியே எடுப்பார்கள் என்ற மூன்றை மட்டும் முதல் ஆண்டு முழுவதும் விடாமல் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் தெளிவான விடை எழுதப்படாத விண்ணப்பத்தில் கையெழுத்திட அவசரப்பட வேண்டாம்.

இரண்டாவதாக, துறையில் எல்லோரும் 'கைடு' என்று சொல்லும் ஆய்வக விலங்குப் பராமரிப்புக் கையேடு. அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் தயாரித்தது. 1963இல் முதன்முதலாக வந்தது. 2011இல் எட்டாம் பதிப்பு வெளியானது. முழு நூலையும் அந்நாட்டுத் தேசிய கழகங்களின் பதிப்பக இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம். இதை நம் நாட்டு வழிகாட்டுதலோடு ஒப்பிட்டுப் படியுங்கள். தனியாகப் படித்தால் பாதிப் பயன்தான். உதாரணமாக, நம் வழிகாட்டுதல் விலங்கு அறையின் வெப்பநிலைக்கு 18 முதல் 29 டிகிரி வரை இடம் கொடுக்கிறது. கைடு சுண்டெலிக்கும் எலிக்கும் 20 முதல் 26 என்றும், முயலுக்கு 16 முதல் 22 என்றும் பிரித்துச் சொல்கிறது. ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டுக்கொண்டு மேலே போனால், சுண்டெலி தன் உடல் வெப்பத்துக்காகக் கூடுதல் உழைப்புச் செலுத்தாமல் இருக்கக்கூடிய வெப்பநிலை ஏறத்தாழ 30 டிகிரி என்பதும், நாம் குளிரூட்டி வைத்திருக்கும் அறை நமக்கு இதமாக இருந்தாலும் அதற்குக் குளிர் என்பதும், அதனால்தான் கூடு கட்டத் தாளோ பஞ்சோ கொடுக்க வேண்டும் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரியும். ஓர் எண்ணிலிருந்து தொடங்கி மூன்று பாடங்கள். தேர்வு எழுதும் நாள் வரை இவை மறக்காது.

மூன்றாவது படி, நலமாக இருக்கும் விலங்கைக் கற்பது. நோயில் பயிற்சி பெற்ற நமக்கு இதுதான் கடினம். மாட்டின் இயல்பு நமக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். அது அசை போடாமல் நின்றால் கொட்டகைக்குள் நுழையும்போதே கண்டுபிடித்துவிடுவோம். சுண்டெலியிடம் அந்தப் பழக்கம் நமக்குக் கிடையாது. அது பிற உயிருக்கு இரையாகும் விலங்காகையால், நம் நிழல் விழுந்த கணமே நோயை மறைத்துக்கொண்டு ஓடும். ஆகவே காலையில் அறைக்குள் போனதும் கூண்டைத் தொடாமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள். கூடு கட்டியிருக்கிறதா, கட்டிய கூடு நேற்றையதைப் போல் உயர்ந்து நிற்கிறதா அல்லது தாள் அப்படியே தட்டையாகக் கிடக்கிறதா, மற்றவை குவிந்து தூங்கும்போது ஒன்று மட்டும் முதுகை வளைத்துக்கொண்டு மூலையில் தனியே இருக்கிறதா, உரோமம் சிலிர்த்திருக்கிறதா என்று பாருங்கள். எலியின் கண்ணோரத்தில் செந்நிறம் படிந்திருந்தால் அது இரத்தம் அன்று. கண்ணுக்குப் பின்னுள்ள ஹார்டர் சுரப்பி வெளியிடும் போர்பைரின் என்ற நிறமி. ஆனால் அந்த எலி ஏதோ ஓர் அழுத்தத்தில் இருக்கிறது என்பதற்கு அது நம்பத்தக்க அறிகுறி.

இந்தப் படிக்கு மிக நல்ல பாடநூல்கள் மருத்துவர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. அமெரிக்க ஆய்வக விலங்கு அறிவியல் சங்கம் டெக்னீஷியன்களுக்கு மூன்று நிலைகளில் சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது. அதற்கான பயிற்சி நூல்களை நிறுவனத்தின் செலவில் வாங்கித் தரச் சொல்லுங்கள். மருத்துவராகிய நான் டெக்னீஷியன் நூலையா படிப்பது என்று எண்ண வேண்டாம். கூண்டு கழுவும் இயந்திரத்தின் வெப்பம், படுக்கைத் தூளின் ஈரம், முயலைத் தூக்கும்போது பின்னங்காலைத் தாங்காவிட்டால் அது உதைத்துத் தன் இடுப்பு முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும் ஆபத்து ஆகியவை அங்கேதான் பொறுமையாக விளக்கப்பட்டிருக்கின்றன.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பணியில் சேர்ந்த முதல் கோடையில், ஒரு கூடத்தில் ஏழெட்டுக் கினிப் பன்றிகள் நடக்க மறுத்தன. தூக்கினால் கத்தின, முழங்கால் வீங்கியிருந்தது, ஒன்றின் ஈறில் இரத்தக் கசிவு. மூட்டுத் தொற்று என்று எனக்குள்ளேயே முடிவு செய்துகொண்டு, நாய்க்கும் ஆட்டுக்கும் போட்டுப் பழகிய அதே பெனிசிலின் வகை மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிவிட்டேன். இருபது ஆண்டுகள் அங்கே வேலை செய்த பராமரிப்பாளர் ஒருவர் என் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தி, "ஐயா, ஊசி இருக்கட்டும், முதல்ல தீவன மூட்டைத் தேதியைப் பாருங்க" என்றார். மூட்டையின் வாயில் தைத்திருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். அரைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதுவும் தகரக் கூரைச் சேமிப்பறையில். வைட்டமின் சி முழுவதும் அழிந்துபோயிருக்க வேண்டும். மனிதரைப் போலவே கினிப் பன்றிக்கும் அந்த வைட்டமினை உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும் நொதி இல்லை. 1907இலேயே நார்வே நாட்டின் ஹோல்ஸ்ட், ஃபிரோலிக் இருவரும் கினிப் பன்றியில் ஸ்கர்வி நோயை உண்டாக்கிக் காட்டியிருந்தார்கள். அந்த வரியை நான் கல்லூரியில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

அன்று அந்த ஊசியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்றிரவுதான் படித்தேன். பெனிசிலின் வகை மருந்துகள் கினிப் பன்றியின் குடலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களை அழித்துவிட, அந்த இடத்தில் கிளாஸ்டிரிடியம் என்ற பாக்டீரியா பெருகி, அதன் நச்சினால் சில நாள்களில் விலங்கு இறந்துபோகும். நிலைப்படுத்தப்படாத வைட்டமின் சி கலந்த தீவனத்தை அரைத்த 90 நாள்களுக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பது அன்று என் நோட்டில் ஏறிய முதல் வரி. கினிப் பன்றிக்கு வைட்டமின் சி வேண்டும் என்பது கல்லூரியில் தேர்வுக்காகப் படித்து மறந்த செய்திதான். ஒரு விலங்கின் வீங்கிய முழங்காலைப் பிடித்துக்கொண்டு தேடிய பிறகு அது என்னை விட்டுப் போகவில்லை. இன்றும் புதிய கூடம் ஒன்றுக்குள் போனால் விலங்கைப் பார்க்கும் முன் தீவன மூட்டையின் சீட்டைத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம்.

தீவனத்தைப் பற்றிப் பேசும்போது தாங்கள் இருக்கும் ஊரையும் குறிப்பிட வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918இல் நம் குன்னூரில், பாஸ்டர் நிறுவன வளாகத்தில் ஒரு சிறு ஆய்வுப் பிரிவாகத் தொடங்கியது. 1958இல்தான் ஐதராபாத்துக்குப் போனது. குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்டார். கோதுமை, பால் சார்ந்த வட இந்திய உணவு உண்ட எலிகள் நன்கு வளர, சென்னை மாகாணத்தின் அரிசி உணவு உண்டவை பின்தங்கின. உணவு மாறினால் விலங்கே மாறிவிடும், விலங்கு மாறினால் ஆய்வின் முடிவும் மாறிவிடும் என்பதற்கு நம் மலையிலேயே நடந்த சான்று இது. அந்த நிறுவனத்தின் விலங்கு மையம் நெடுங்காலம் இத்துறைப் பயிற்சிகளை நடத்தியது. இப்போது ஐதராபாத் அருகே ஜீனோம் வேலியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய விலங்கு வள மையம் இருக்கிறது. தங்கள் பணியிடத்துக்கு அருகில் இருக்கும் இவற்றை நேரில் சென்று பார்த்து, நூலகத்தைப் பயன்படுத்த அனுமதி கேளுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது மாதவரத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வக விலங்கு மருத்துவத் துறைக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இனி பெரிய நூல்கள். அமெரிக்க ஆய்வக விலங்கு மருத்துவக் கல்லூரியின் பெயரில் வரும் தொகுதிகள், குறிப்பாக 2015இல் மூன்றாம் பதிப்பு கண்ட முதன்மை நூல், நிறுவன நூலகத்தில் இருக்க வேண்டியவை. வீட்டில் வாங்கி வைக்க வேண்டியவை அல்ல. தங்கள் சொந்தப் பணத்தில் ஒன்றே ஒன்று வாங்குவதானால், ஹார்க்னெஸ், வாக்னர் பெயரால் அறியப்படும் முயல், கொறிவிலங்கு மருத்துவ நூலைச் சொல்வேன். அறிகுறியிலிருந்து நோய்க்குப் போகும் வழியில் அது தங்களைப் போன்ற களமருத்துவருக்கு ஏற்றது. இரண்டாவதாக ஒன்று வாங்க முடிந்தால், பெர்சி, பார்த்தோல்டு ஆகியோரின் கொறிவிலங்கு, முயல் நோய்க்குறியியல் நூல். இறந்த விலங்கைத் திறந்து வைத்துக்கொண்டு படத்தோடு ஒப்பிட அதற்கு இணையாக எனக்கு வேறொன்று தெரியாது. அதுவரை மெர்க் கால்நடை மருத்துவக் கையேட்டின் கொறிவிலங்கு, முயல் பகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தொடக்கத்துக்கு அவை போதும்.

மயக்க மருந்துக்கு ஃபிளெக்னெல் எழுதிய நூலின் புதிய பதிப்பையே பாருங்கள். நாயில் கற்றதை அப்படியே கொண்டுவந்தால் இங்கே பல இடங்களில் தவறிவிடும். முயல்களில் பலவற்றுக்கு அட்ரோபினைச் சிதைக்கும் நொதி இரத்தத்திலேயே இருப்பதால் அந்த மருந்து எதிர்பார்த்த நேரம் நிற்காது. அதற்கு மாற்றான கிளைக்கோபைரோலேட் என்ற மருந்தை நாட வேண்டியிருக்கும். எலியும் முயலும் வாந்தி எடுக்காத விலங்குகள். அறுவைக்கு முன் நாயைப் போல் இரவெல்லாம் பட்டினி போட வேண்டிய காரணம் இல்லை, போட்டால் தீங்கே வரும். 25 கிராம் சுண்டெலியின் மொத்த இரத்தம் ஏறத்தாழ 1.8 மில்லிலிட்டர், பத்தில் ஒரு பங்கை எடுத்தால் அது 0.18. இந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு இரத்தம் எடுக்கும் அறைக்குள் போனால், அங்கே நடப்பதைப் பார்க்கும் தங்கள் கண்ணே மாறிவிடும்.

இனவகைகளைப் பற்றி ஒரு சொல். கால்நடையில் நாம் இனம் என்று சொல்வதைவிட இங்கே அது பல மடங்கு கறாரானது. கூண்டு அட்டையில் எழுதியிருக்கும் எழுத்தும் எண்ணும் விலங்கின் மருத்துவ வரலாற்றில் பாதி. சி3எச் வகைச் சுண்டெலிகள் பொதுவாகப் பால் மறக்கும் வயதிலேயே விழித்திரை சிதைந்து பார்வை இழந்தவை. அதை அறியாமல் கண்ணால் பார்த்து வழி கண்டுபிடிக்கும் சோதனையில் அவற்றை இறக்கி, மருந்து நினைவாற்றலைக் கெடுத்தது என்று எழுதிவிட முடியும். டிபிஏ/2 வகைக் குட்டிகளுக்கு உரத்த ஒலி கேட்டால் வலிப்பு வரும். 1929இல் தொடங்கிய ஜாக்சன் ஆய்வகத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு வகைக்கும் தனிப் பக்கம் உண்டு. தங்கள் கூடத்தில் உள்ள வகைகளின் பக்கங்களை மட்டும் படித்து, அறைக் கதவில் தமிழிலோ தெலுங்கிலோ அரைப் பக்கக் குறிப்பாக ஒட்டி வையுங்கள், பராமரிப்பாளர்களும் படிப்பார்கள்.

வலியை அறிவதும், எந்த நிலையில் விலங்கைப் பரிசோதனையிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்வதும் நூலை மட்டும் நம்பிக் கற்கக் கூடியவை அல்ல. ஆனால் உதவும் கருவிகள் வந்திருக்கின்றன. 2010இல் வெளியான சுண்டெலி முகபாவ அளவுகோல், கண் இடுங்குதல், மூக்குப் புடைப்பு, கன்னப் புடைப்பு, காதின் நிலை, மீசையின் போக்கு ஆகிய ஐந்தையும் சுழியம் முதல் இரண்டு வரை மதிப்பிடச் சொல்கிறது. மேலே சொன்ன மூன்று கொள்கைகளைப் பரப்பும் பிரிட்டனின் என்.சி.3ஆர்ஸ் மையம் இதற்கான படச் சுவரொட்டிகளையும், வாலைப் பிடித்துத் தூக்காமல் சிறு குழாய்க்குள் ஏற்றியோ உள்ளங்கையில் ஏந்தியோ தூக்கும் முறைக்கான காணொளிகளையும் இலவசமாகத் தருகிறது. குழாய் முறையைத் தாங்களே முதலில் பழகிக் காட்டுங்கள். பழகிய பிறகு சுண்டெலி தானாகவே குழாய்க்குள் வருவதைப் பார்க்கும் பராமரிப்பாளர் மறுபடியும் வாலுக்குப் போக மாட்டார்.

பழைய பதிப்புகளைக் குறைந்த விலைக்கு வாங்கலாமா என்று தாங்கள் கேட்கவில்லை. ஆனால் விலையைப் பற்றி எழுதியிருப்பதால் அடுத்து அதைத்தான் நினைப்பீர்கள். உடற்கூறுக்கும் ஒட்டுண்ணிக்கும் பழையது தாராளமாகப் போதும். மயக்க மருந்துக்கும் கருணைக்கொலைக்கும் வேண்டாம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் கருணைக்கொலை வழிகாட்டுதல் 2013இல், கார்பன் டை ஆக்சைடைக் கூண்டின் கொள்ளளவில் நிமிடத்துக்கு 10 முதல் 30 சதவீதம் என்ற வேகத்தில் செலுத்தச் சொன்னது. 2020ஆம் ஆண்டின் பதிப்பு அதை 30 முதல் 70 என்று மாற்றியது. பழைய நூலை வைத்துக்கொண்டு ஒருவர் இன்றும் மெதுவாகச் செலுத்திக்கொண்டிருக்கக் கூடும். புதிய பதிப்பு அந்தச் சங்கத்தின் இணையதளத்தில் இலவசம் என்னும்போது அதற்கு நியாயமே இல்லை.

அமெரிக்கப் பட்டயத்தைப் பற்றி என் கருத்து: இப்போது வேண்டாம். அதை வழங்கும் அமெரிக்க ஆய்வக விலங்கு மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கியது. பாடம் நடத்தும் கல்லூரி அன்று, வல்லுநர்களின் அமைப்பு. அது தேர்வுக்கு முன் முறையான பயிற்சிக் காலமோ நீண்ட முழுநேர அனுபவமோ எதிர்பார்க்கிறது. முதல் ஆசிரியராகத் தாங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றும் வெளியாகியிருக்க வேண்டும். ஐரோப்பாவுக்குத் தனிக் கல்லூரி உண்டு. ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் உண்டு. நம் நாட்டிலும் இந்திய ஆய்வக விலங்கு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் நம் நாட்டுக் கல்லூரியின் தகுதி விதிகளைக் கேட்டறியுங்கள். அமெரிக்கக் கல்லூரி ஒரு வல்லுநர் செய்ய வேண்டிய பணிகளைப் பட்டியலிட்டு வெளியிடும் ஆவணத்தை மட்டும் இப்போதே எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எந்தெந்த வரிக்கு நேராகத் தங்களால் குறியிட முடிகிறது என்று பாருங்கள். அந்தக் கட்டுரைக்கான விதை தங்கள் கூடத்திலேயே கிடக்கிறது என்றும் எண்ணுகிறேன். அதைச் சொல்ல, தாங்கள் கடைசியாகக் கேட்ட கழுத்துப் புண்ணுக்கு வருகிறேன்.

கறுப்புச் சுண்டெலி என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டையில் சி57பிஎல்/6 என்று இருக்கும் என்று நினைக்கிறேன். எந்த நூலையும் திறக்கும் முன், எந்தக் கூண்டு, ஆணா பெண்ணா, என்ன வயது, புண் சரியாக எந்த இடத்தில் என்று ஒரு வாரம் எழுதுங்கள். ஆண்கள் சண்டையிட்டால் கடி பெரும்பாலும் பின்புறத்திலும் வாலடியிலும் இருக்கும். அதே கூண்டில் ஒன்று மட்டும் காயமின்றித் திரியும். தனியே இருக்கும் விலங்குக்கும் பெண்களுக்கும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் பிடரியிலும் புண் வருகிறதென்றால் சண்டை என்ற ஐயத்தைப் பின்னுக்குத் தள்ளலாம். பிறகு உண்ணி. ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவைத் தலைக்கும் பிடரிக்கும் இடையே உரோமத்தின் மீது அழுத்தி எடுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி நுண்ணோக்கியில் பாருங்கள். அதே கையோடு ஆசனவாயிலும் ஒரு நாடா எடுத்தால் சைஃபேசியா என்ற ஊசிப்புழுவின் முட்டையும் தெரியும். ஆஸ்பிகுலூரிஸ் என்ற மற்றொரு புழு பெருங்குடலுக்குள்ளேயே முட்டையிடுவதால் நாடாவில் அகப்படாது. அதற்குச் சாணத்தை மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

நாடாவில் உண்ணி இல்லை, சண்டையும் இல்லை என்றால், அந்த வகைச் சுண்டெலிக்கே உரிய புண் தோலழற்சி என்று கொள்ளலாம். பெர்சி, பார்த்தோல்டு நூலில் அதன் நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள். மருத்துவத்துக்கு அமெரிக்க ஆய்வக விலங்கு அறிவியல் சங்கத்தின் இதழ்களுக்குப் போங்கள். பழைய இதழ்கள் அந்நாட்டுத் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் சென்ட்ரலில் இலவசமாகத் திறக்கும். பின்னங்கால் நகங்களை நறுக்கிவிட்டால், சொறிவதால் ஆழமாகும் காயம் நின்று பல விலங்குகள் குணமடைகின்றன என்று காட்டிய கட்டுரைகள் அங்கே உள்ளன. களிம்பு மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டிருந்த எங்கள் தலைமுறைக்கு அது தெரியாது. லேசான மயக்கத்தில், நுனியை மட்டும், கூர்மையான சிறு கத்தரியால் நறுக்க வேண்டும். எத்தனைக்கு நறுக்கினீர்கள், எத்தனை நாளில் ஆறியது, எவை ஆறாமல் வலியின் அளவு கூடியதால் கருணைக்கொலைக்குப் போயின என்று தேதியோடு எழுதி, முதல் நாளும் பதினான்காம் நாளும் ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். நம் நாட்டுக் கூடங்களின் ஈரப்பதத்திலும் தீவனத்திலும் இது எப்படி நடக்கிறது என்ற பதிவு துறைக்குத் தேவைப்படுகிறது.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பயன்படுத்தலாம்: முதல் மூன்று மாதம் சட்டமும் கைடும், அடுத்த ஆறு மாதம் தங்கள் பொறுப்பில் உள்ள நான்கு விலங்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு இயல்பும் நோயும், வாரத்தில் ஓர் இரவு மட்டும் இதழ்க் கட்டுரை ஒன்று. பகலில் கூண்டருகே கேள்வி எழுந்த நாளில் இந்தக் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டு அந்தக் கேள்வியையே படியுங்கள். கழுத்துப் புண் பற்றிய முதல் வாரக் குறிப்பும் நாடாவில் கண்டதும் கையில் வந்தவுடன் எனக்கு எழுதுங்கள்; வகை, பால், வயது, புண்ணின் இடம் ஆகிய நான்கும் அதில் தவறாமல் இருக்கட்டும்.